ஆலோசகர் என்ற பெயரில் ஓர் ஆட்சி: மலாயா பிரிட்டிஷார் கைக்குப் போன விதம்

"மலாய் மாநிலங்களில் சுல்தான்கள் கடைசி வரை அரியணையில் இருந்தார்கள். பிரிட்டிஷார் ஒப்பந்தம் போட்டுத்தானே உள்ளே வந்தார்கள்? பிறகு அதை எப்படிக் காலனி ஆட்சி என்பது? தமிழ்நாட்டிலிருந்து அத்தனை லட்சம் பேர் அங்கே போனதற்கும் இந்த ஏற்பாட்டுக்கும் தொடர்பு உண்டா?" இதுதான் கேள்வி.

அரியணையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். வரியை யார் வசூலித்தார், அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவு செய்தார் என்று பாருங்கள். விஷயம் தெளிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில், உண்டு. அதுவும் நேரடித் தொடர்பு.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 'பிரிட்டிஷ் மலாயா' என்று ஒரே நாடு 1946க்கு முன் சட்டப்படி இருந்ததே இல்லை. மூன்று விதமான நிலப்பகுதிகள் இருந்தன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் அசல் காலனி. 1826இல் ஒன்றாக்கப்பட்டு, 1867 ஏப்ரல் 1 வரை இந்தியாவிலிருந்து ஆளப்பட்டு, பிறகு நேரே லண்டன் காலனி அலுவலகத்தின் கீழ் போனவை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896இல் ஐக்கிய மலாய் மாநிலங்களாயின. ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஐந்தும் ஐக்கியத்தில் சேராதவை. அவற்றில் ஜொகூர் தவிர்த்த நான்கும் 1909இல்தான் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் செல்வாக்குக்குள் வந்தன. கேள்வி முக்கியமாக நடுவில் உள்ள நான்கு மாநிலங்களைப் பற்றியது. வெள்ளீயமும் ரப்பரும் பெரும்பாலும் அங்கேதான். அந்த ஆட்சி முறை உருவானது பேராக்கில்.

பினாங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. 1786இல் கெடா சுல்தான் அப்துல்லா பினாங்குத் தீவைக் கொடுக்க இசைந்ததே, சயாம் படையெடுத்து வந்தால் பிரிட்டிஷாரின் கிழக்கிந்தியக் கம்பெனி துணைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான். கம்பெனிக்காகப் பேச்சு நடத்திய பிரான்சிஸ் லைட் அந்த நம்பிக்கையைக் கலைக்காமலே தீவில் இறங்கிவிட்டார். கம்பெனியோ அப்படி எந்த உறுதியும் தர மறுத்தது. 1791இல் தீவைத் திரும்பப் பிடிக்கச் சுல்தான் படை திரட்டித் தோற்றார். கடைசியில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிந்தது. 1821இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தபோது கம்பெனி அசையவில்லை. ஒப்பந்தத்தில் எது எழுதப்படவில்லையோ அதுவே பின்னால் வினையாகும் என்பதற்கு இது முதல் உதாரணம்.

ஆனாலும் அடுத்த ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷார் உள்நாட்டுப் பக்கம் போகவில்லை. நல்லெண்ணம் காரணமில்லை, கணக்கு கட்டுப்படியாகவில்லை. மலாக்காவை ஒட்டிய நானிங் என்ற சிறு பகுதியில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கேட்டுப் போய் 1831இல் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டு பெரும்படையோடு போய்ப் பிடித்தார்கள். ஒரு லட்சம் பவுன் செலவானதாகச் சொல்வார்கள். அந்த ஊரிலிருந்து வரக்கூடிய வரியோ அற்பத் தொகை. அந்தச் சூடு நெடுநாள் மறக்கவில்லை. மலாய் மாநில விவகாரங்களில் தலையிடாதே என்பது அதன் பிறகு நிலையான உத்தரவாக இருந்தது.

கணக்கை மாற்றியது வெள்ளீயம். பேராக்கின் லாரூட் பகுதியில் 1848 வாக்கில் ஈயம் கிடைத்தது. லோங் ஜாஃபார் என்ற மலாய்ப் பெரியவர் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து தோண்ட வைத்தார். தகர டப்பாவில் உணவு அடைக்கும் தொழில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர வளர ஈயத்துக்குக் கிராக்கி ஏறியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. லாரூட்டில் ஹை சான், கீ ஹின் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் சுரங்கத்துக்கும் நீர் வாய்க்காலுக்கும் அடித்துக்கொண்டன. 1861, 1865, 1872 என்று சண்டை திரும்பத் திரும்ப வெடித்தது. இரண்டு பக்கமும் பணம் போட்டிருந்தவர்கள் பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்கள். அதே நேரத்தில் பேராக் அரியணைக்கும் தகராறு. 1871இல் சுல்தான் அலி இறந்தபோது, வாரிசு வரிசையில் அடுத்து நின்ற ராஜா அப்துல்லா இறுதிச் சடங்குக்கு வரவில்லை; பிரதானிகள் இஸ்மாயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சிங்கப்பூர் வணிகர்களின் துணையோடு அப்துல்லா நீரிணைக் குடியேற்றங்களின் பிரிட்டிஷ் ஆளுநருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். என்னைச் சுல்தானாக ஏற்றுக்கொள்ளுங்கள், எனக்கு ஓர் ஆங்கிலேய அதிகாரியை அனுப்புங்கள் என்பது அதன் சாரம். புதிதாக வந்திருந்த ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் காத்திருந்தது இதற்குத்தான்.

1874 ஜனவரி 20. பங்கோர் தீவுக்கு அருகே நின்ற 'புளூட்டோ' என்ற கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்மாயில் அங்கே வரவே இல்லை. அவர் இல்லாமலே அவர் பதவி பறிபோனது. அந்த ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் கவனித்தால் போதும். ஆறாவது பிரிவின்படி பேராக்கில் ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட் இருப்பார். மலாய் மதம், மலாய் வழக்கம் தவிர மற்ற எல்லா விஷயங்களிலும் அவருடைய ஆலோசனை கேட்கப்பட வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும். பத்தாவது பிரிவின்படி எல்லா வருவாயின் வசூலும் கட்டுப்பாடும் பொது நிர்வாகமும் ரெசிடென்டின் ஆலோசனைப்படி ஒழுங்கு செய்யப்படும். கேட்டே ஆக வேண்டும், கேட்டபடி நடந்தே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தமிழில் கட்டளை என்று பெயர். ஒப்பந்தம் அதை ஆலோசனை என்றது.

முதல் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பெர்ச். இலங்கையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதிகாரியாக இருந்துவிட்டு 1870இல் சிங்கப்பூருக்கு வந்தவர். இலங்கையில் அரசாங்க ஏஜெண்ட் சொன்னால் நடக்கும். பேராக்கில் அவரிடம் இருந்தது ஒரு காகிதமும் சில காவலர்களும்தான். மலாய் மொழியும் சரியாக வராது. அவர் எங்கே இடறினார் என்று பார்த்தால், ஒரு மலாய் மாநிலம் எப்படி இயங்கியது என்பதே புரிந்துவிடும்.

பேராக்கில் சாலை கிடையாது, ஆறுதான் சாலை. ஆற்றின் ஒவ்வொரு முக்கிய வளைவிலும் ஒரு பிரதானி உட்கார்ந்து, போகிற வருகிற படகில் சுங்கம் வாங்குவார். அந்தப் பணத்தில்தான் அவர் ஆள் அம்பு வைத்துக்கொள்வார். அவருடைய வீட்டு வேலையும் வயல் வேலையும் கடனுக்கு அடிமையானவர்கள் செய்தது. பெர்ச் வந்தவுடன் சுங்கச் சாவடிகளை நிறுத்தி, வசூல் எல்லாம் அரசுக் கருவூலத்துக்கு வர வேண்டும் என்றார். பிரதானிகளுக்கு மாற்றாக என்ன தொகை, எப்போது கிடைக்கும் என்பது முடிவாகவில்லை. தப்பி ஓடிவந்த கடனடிமைகளுக்குத் தன் இருப்பிடத்தில் இடம் கொடுத்தார். அடிமை முறையை ஒழித்தது சரிதானே என்று இன்று நமக்குத் தோன்றும், சரிதான். ஆனால் ஒரே ஆண்டில் வருமானம், வேலையாள், மரியாதை மூன்றையும் பறித்தால் அந்தப் பிரதானிக்கு மிச்சம் இருப்பது ஈட்டி மட்டும்தான். தான் ஆதரித்த அப்துல்லாவையே பதவி நீக்குவேன் என்று மிரட்டி அவரையும் பெர்ச் எதிர்ப் பக்கம் தள்ளினார். 1875 ஜூலையில் பிரதானிகள் கூடித் திட்டமிட்டார்கள். கிளார்க்குக்குப் பின் வந்த ஆளுநர் ஜெர்வாய்ஸ் இன்னும் அவசரக்காரர்; ஆலோசனைப் பேச்சையே விட்டுவிட்டு நேரடியாக ஆள அறிவிப்பு அச்சடித்துக் கொடுத்தார். அந்த அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்த நாளில், 1875 நவம்பர் 2, பாசிர் சாலாக்கில் ஆற்றோரக் குளியலறையில் பெர்ச் குத்திக் கொல்லப்பட்டார்.

இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படை வந்தது. கொலைக்கு முன்னின்ற பாசிர் சாலாக் பிரதானி மகாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அப்துல்லா இந்துமாக்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். படையெடுப்புச் செலவு? அதைப் பேராக்கின் தலையிலேயே கடனாக எழுதினார்கள்.

லண்டன் இதிலிருந்து கற்றது நேரடி ஆட்சி வேண்டாம் என்பதைத்தான். 1877இல் வந்த ஹியூ லோ, போர்னியோவை ஒட்டிய லாபுவானில் ஏறக்குறைய முப்பது ஆண்டு இருந்தவர். மலாய் மொழி சரளம். அவர் செய்ததையும் பெர்ச் செய்ய நினைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேரும் இடம் ஒன்றுதான். போன வழிதான் வேறு. சுங்கம் வாங்கும் உரிமையைப் பிரதானிகளிடமிருந்து எடுத்தார், ஆனால் அவர்களுக்கு மாதப்படி போட்டார். ஊர்த் தலைவர்களான பெங்கூலுகளுக்கு அரசு வேலை கொடுத்து, வசூலில் ஒரு பங்கும் ஒதுக்கினார். கடனடிமை முறையைக் கைவைக்காமல் விட்டு, அடிமைகளைப் பதிவு செய்து, ஈட்டுத் தொகைக்கு வழி செய்து, 1883 முடிவில்தான் முழுதாக ஒழித்தார். மாநிலக் கவுன்சில் ஒன்றை அமைத்தார். அதில் மலாய்ப் பிரதானிகளோடு, லாரூட்டில் எதிரெதிரே நின்று சண்டை போட்ட இரண்டு சீனத் தலைவர்களுக்கும் இடம். சட்டங்கள் அந்தக் கவுன்சிலில் சுல்தான் பெயரில் நிறைவேறும். எந்தப் பொருள் கவுன்சிலுக்கு வரும், எது வராது என்பது மட்டும் ரெசிடென்ட் கையில்.

இதே வரிசைதான் பிறகு மற்ற மாநிலங்களிலும்: முதலில் ஓர் அரியணைத் தகராறு அல்லது கொலை, பிறகு ஒப்பந்தம், பிறகு கருவூலம், போலீஸ், நில அலுவலகம், கடைசியில் கவுன்சில். சுல்தானுக்கு நிலையான மானியம், அரண்மனை, பீரங்கி மரியாதை. முன்பு அவருக்கு வரவேண்டிய வரி பாதி வழியிலேயே பிரதானிகளிடம் தங்கிவிடும். இப்போது மாதம் பிறந்தால் பணம் வருகிறது. பல சுல்தான்கள் இதை எதிர்க்காததற்குக் கோழைத்தனம் காரணமில்லை. தன் பிரதானிகளுக்கு எதிரே அவர்களுடைய கை உண்மையிலேயே பலப்பட்டது. தோற்றவர்கள் நடுவில் இருந்த பிரதானிகள்.

பகாங்கில் அந்தப் பிரதானிகள் வாளெடுத்தார்கள். 1888இல் அங்கே ரெசிடென்ட் வந்தார். தன் ஊரில் வரி வாங்கும் உரிமை போனதில் கொதித்த டத்தோ பகாமான் 1891இல் கிளம்பினார். 1895 வரை காட்டுக்குள் சண்டை இழுத்தது. பகாங்கில் எதிர்பார்த்த அளவு பொன்னும் ஈயமும் கிடைக்கவில்லை, கடன்தான் ஏறியது. 1896இல் நான்கு மாநிலங்களையும் ஐக்கியமாக்கியதற்கு ஆயிரம் காரணம் சொன்னாலும், பேராக், சிலாங்கூர் பணத்தில் பகாங்கின் கடனைச் சமாளிப்பது அதில் முக்கியமானது. கோலாலம்பூர் தலைநகரானது; பிராங்க் சுவெட்டன்ஹாம் முதல் ரெசிடென்ட்-ஜெனரல். அதற்குப் பிறகு மாநில ரெசிடென்ட் சுல்தானுக்கு ஆலோசனை சொல்வார், ரெசிடென்ட்-ஜெனரல் ரெசிடென்டுக்கு உத்தரவு போடுவார். 1903இல் பேராக் சுல்தான் இட்ரிஸ் பொது மன்றத்திலேயே அதிகாரம் ஓரிடத்தில் குவிவதைக் குறைப்பட்டுப் பேசினார். பதிலாக 1909இல் வந்தது கூட்டரசு மன்றம். அதில் சுல்தான்கள் வெறும் உறுப்பினர்கள். தலைமை ஆங்கிலேய உயர் ஆணையருக்கு. தடுப்பு அதிகாரம் எவருக்கும் கிடையாது. 1927இல் சுல்தான்களே வெளியேறிவிட்டார்கள். 1912இல் இந்த நான்கு மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு 'மலாயா' என்ற போர்க்கப்பலைக் கட்டித்தர முன்வந்தன. விலை 20 லட்சம் பவுனுக்கு மேல். ஆலோசனை எவ்வளவு செலவாகும் பொருள் என்பதற்கு அது ஓர் அளவு.

இனி அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முதலில் வெள்ளீய ஏற்றுமதித் தீர்வை. 1900ஐ ஒட்டி உலக ஈயத்தில் ஏறக்குறைய பாதி இந்த மாநிலங்களிலிருந்து போனது. தோண்டியவர்கள் சீனர்கள், முதலும் பெரும்பாலும் சீன முதல். அரசு செய்ய வேண்டியது ஆற்றுமுகத்திலோ ரயிலடியிலோ எடைபோட்டுத் தீர்வை வாங்குவது மட்டும். அதற்காகத்தான் முதல் ரயில் பாதையே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்டது. எட்டு மைல் நீளம், 1885இல் திறப்பு, கட்டியவர்கள் இலங்கையிலிருந்து வந்த முன்னோடிப் படையினர். அதைத் தொடர்ந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, யாழ்ப்பாணத் தமிழர் நிறைய வந்து சேர்ந்தனர். தடையற்ற வணிகம் பேசியவர்கள் இதே காலத்தில் செய்த ஒரு காரியம் உண்டு. 1903இல் ஓர் அமெரிக்கக் குழுமம் மலாயா ஈயக் கனிமத்தை அப்படியே கொண்டுபோய்த் தன் நாட்டில் உருக்கத் திட்டமிட்டது. உடனே நீரிணைக் குடியேற்றங்களுக்கு வெளியே போகும் கனிமத்துக்கு எட்ட முடியாத தீர்வை விதிக்கப்பட்டது. சிங்கப்பூர் உருக்காலை தப்பித்தது.

இரண்டாவது அபின். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வருமான வரி இல்லை, இறக்குமதித் தீர்வை இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். எப்படி முடிந்தது? அபின் விற்கும் உரிமையைச் சீன வணிகர்களுக்குக் குத்தகை விட்டார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பாதியை ஒட்டிய தொகை பல ஆண்டுகள் அங்கிருந்தே வந்தது. 1910இல் குத்தகையை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு அரசே விற்றது. ஆக, ஈயம் தோண்டிய அதே சீனக் கூலியின் கையிலிருந்து இரண்டு முறை வசூல்: தோண்டியதில் ஒரு முறை, களைப்பு மறக்கப் புகைத்ததில் ஒரு முறை.

மூன்றாவது ரப்பர். தமிழர் கதை பெரிய அளவில் தொடங்குவது இங்கே. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்தன. ஒன்பதை ஹியூ லோ கோலகங்சாரில் தன் வீட்டருகே நட்டார். இருபது ஆண்டுகளுக்கு யாரும் சீண்டவில்லை. தோட்டக்காரர்கள் காப்பியில் மூழ்கியிருந்தார்கள். சிங்கப்பூர் தாவரவியல் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி கண்டுபிடித்தது ஒன்றுதான், ஆனால் அதுதான் எல்லாம்: மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அடுத்த முறை அதே கோட்டின் விளிம்பில் மெல்லிய சீவல் எடுத்தால், பால் முன்னைவிட அதிகமாக வரும், உள்ளே இருக்கும் வளர்படலம் கெடாது, பட்டை மறுபடி வளரும். மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்க முடியும் என்றானது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் 40 ஏக்கரில் வணிகத்துக்காக நட்டார். மோட்டார் வண்டி வந்தது, விலை பறந்தது. 1910இல் லண்டனில் ராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. 1920இல் மலாயாவில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் ரப்பர்.

இப்போது கூலிக் கணக்கைப் போடுங்கள். பால்மரம் வெட்டுவது, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, விடியுமுன் தொடங்க வேண்டிய வேலை; வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். ஓர் ஆள் ஒரு காலையில் 300 முதல் 400 மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்துக் கொண்டுவர முடியும். ஏக்கருக்கு நூறு மரம் என்று வைத்தால் மூன்று நான்கு ஏக்கருக்கு ஓர் ஆள். இயந்திரம் எதுவும் இதைச் செய்யாது. களையெடுப்பு, வடிகால், ஆலை வேலை தனி. மலாய் விவசாயிக்கு நிலம் இருந்தது, அவன் வர வேண்டிய அவசியம் இல்லை. சீனர் கூலி அதிகம் கேட்பார்கள், குத்தகை பேசிக் குழுவாக வேலை செய்வார்கள், பிடிக்காவிட்டால் போய்விடுவார்கள். துரைமார் பார்வை மதராஸ் மாகாணத்தின் பக்கம் திரும்பியது.

அதற்கு முன்பே பினாங்குக்கு எதிர்க்கரையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் போயிருந்தார்கள். மலாய் மொழியில் 'ஜன்ஜி' என்றால் வாக்குறுதி; அதைத் தமிழர் சஞ்சி என்றனர், போனவர்கள் சஞ்சிக்கூலிகள். கப்பல் செலவு கடனாக எழுதப்படும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலையை விட்டால் குற்றம், சிறை. அவப்பெயர் மிகுந்து 1910இல் அது நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியது கங்காணி முறை. அது எப்படி வேலை செய்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கங்காணி ஏமாற்றிக் கூட்டிப்போனான்' என்ற ஒரு வரியில் பலரும் முடித்துவிடுகிறார்கள்.

தோட்ட நிர்வாகம் தன்னிடம் வேலை செய்யும் ஒருவரைக் கங்காணியாகத் தேர்ந்தெடுத்து, உரிமச் சீட்டு வாங்கிக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பும். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இருக்கும் தன் உறவுக்காரர், ஊர்க்காரர், தன் சாதிக்காரர் என்று அவர் ஆள் சேர்ப்பார். ஊர் முன்சீப் கையெழுத்து வேண்டும். பிறகு நாகப்பட்டினம் அல்லது சென்னை ஆவடி முகாம். அங்கே மருத்துவச் சோதனை, அம்மை குத்துதல். கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தல். அங்கிருந்து தோட்டத்து லயம், அதாவது வரிசை வீட்டுக் கூலிக் குடியிருப்பு.

இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் முதலில் சிக்கல் வந்தது. ஒரு தோட்டம் பணம் போட்டு ஆள் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் நாளுக்கு ஐந்து காசு கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒருவரும் பணம் போடத் தயங்கினார்கள். 1907இல் இந்தியக் குடியேற்றக் குழுவும் அதற்கான நிதியும் உருவாயின. தமிழ்த் தொழிலாளர் வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும், ஆள் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும், வேலை நாள் கணக்கில் அந்த நிதிக்குக் கட்டாயம் செலுத்த வேண்டும். ரயில், முகாம் சாப்பாடு, கப்பல், தனிமைப்படுத்தல் எல்லாம் அதிலிருந்து. திருடிக்கொள்வதில் இலாபம் இல்லாமல் போனது. தொழிலாளிமேல் சட்டப்படி கடனும் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். காகிதத்தில் சுதந்திரம்தான்.

நடைமுறையில் கட்டிப்போட்டது வேறு. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு: தன் ஆட்களில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இரண்டு காசு. ஆகவே காய்ச்சலில் படுத்தவரையும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு இழுத்து நிறுத்துவதில் அவருக்கு நேரடி ஆதாயம். ஊரில் வாங்கிய கைமாற்று, கல்யாணச் செலவு, தோட்டக் கடைப் பாக்கி எல்லாம் அவர் கையில் இருந்தன. கள்ளுக்கடையையும் தோட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். வெளியே போக வேண்டுமென்றால் போகலாம். மொழி தெரியாத நாட்டில், சொந்தபந்தம் முழுக்க அதே லயத்தில் இருக்கும்போது, எங்கே போவது?

சாவும் அதிகம். ஏன் என்பதற்குக் கிள்ளானில் பணிபுரிந்த மருத்துவர் மால்கம் வாட்சன் விடை கண்டார். 1901இல் தாழ்வான கடலோரத்தில் காட்டை வெட்டி வடிகால் எடுத்ததும் மலேரியா குறைந்தது. அதே வேலையை மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது! கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. மலையடிவாரக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதே அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலானது. மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரைக் கொண்டுபோவதும் ஓடையில் எண்ணெய் தெளிப்பதும்தான் தீர்வு. இரண்டுக்கும் பணம் வேண்டும். நட்ட மரம் பால் தர ஐந்தாறு ஆண்டாகும் புதுத் தோட்டங்களில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடித்தார்கள்.

1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூரையும் சேர்த்து மலாயா மக்கள்தொகை ஏறக்குறைய 44 லட்சம்; இந்தியர் 6.2 லட்சம், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆனால் அந்த எண்ணிக்கையே பொருளாதார மந்தத்தில் குறைந்துகொண்டிருந்த நேரம் அது. ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த நிர்ணயக் கூலி 30 காசுக்கும் கீழே போனது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியேற்ற நிதியின் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொண்டுவரவும் திருப்பி அனுப்பவும் ஒரே நிதி; விலை ஏறினால் ஆளைத் திற, இறங்கினால் மூடு என்று குழாய்போல் இயங்கியது. பிறகு மறுபடி ஏறியிருந்த கூலியை 1938இல் 45 காசாகக் குறைத்தபோது, இந்திய அரசு ஜூன் 15 முதல் உதவிபெற்ற குடியேற்றத்தையே, அதாவது பிறர் செலவில் கூலிகள் போவதையே, தடை செய்தது. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம். கேட்டவற்றைப் படித்தால் தோட்ட வாழ்க்கை தெரியும்: சீனருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறும் மேலாள்கள்மேல் நடவடிக்கை, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்துக்கு முடிவு. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள்.

மலாய் விவசாயிகள் இதில் பயன் பெற்றார்களா என்றால், அவர்களும் ரப்பர் நட்டார்கள், நன்றாகவே நட்டார்கள். அதுதான் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. அந்த நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்க முடியாது. பாதுகாப்புத்தான். ஆனால் பல பட்டாக்களில் ரப்பர் பயிரிடக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. நெல் விளைந்தால்தான் இறக்குமதி அரிசிச் செலவு குறையும். 1922 முதல் 1928 வரை நடந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு ரப்பர்தான் விற்கலாம் என்று அளவு வைத்தபோது, சிறு தோட்டக்காரரின் விளைச்சலைக் குறைத்து மதிப்பிட்டுப் பெரிய கம்பெனிகளுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். விலை தூக்கி நிறுத்தப்பட்டது. டச்சுக்காரர்கள் அதில் சேராததால் சுமத்ராவிலும் போர்னியோவிலும் ரப்பர் பெருகிச் சந்தையைப் பிடித்துக்கொண்டது, திட்டம் கவிழ்ந்தது.

ஜப்பானியர் காலத்தைத் தாண்டி 1945க்கு வருவோம். திரும்பி வந்த பிரிட்டிஷார் ஒன்பது மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் இணைத்து மலாயன் யூனியன் என்றார்கள். சர் ஹரால்ட் மெக்மைக்கேல் அரண்மனை அரண்மனையாகப் போய் இறையாண்மையை ஒப்படைக்கும் காகிதத்தில் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார். நிர்வாக அளவில் பார்த்தால் எழுபது ஆண்டாக நடந்ததைத்தான் எழுதினார்கள். ஆனால் எழுதியதும் மலாய் மக்கள் கொந்தளித்துவிட்டார்கள். 1946 மே மாதத்தில் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது. 1948 பிப்ரவரி 1 அன்று யூனியன் போய்க் கூட்டரசு வந்தது, சுல்தான்களின் இறையாண்மை திரும்பியது. அந்த உடன்படிக்கையில் ஒரு பழைய வாசகம் மறுபடி இடம்பிடித்தது: முஸ்லிம் மதம், மலாய் வழக்கம் தவிர மற்றவற்றில் சுல்தான்கள் உயர் ஆணையரின் ஆலோசனையை ஏற்பார்கள்.

தோட்டத்துத் தமிழருக்கு அந்த மாற்றத்தின் விலை வேறு. கைவிடப்பட்ட யூனியன் திட்டத்தில், அங்கே பிறந்தவர்களுக்கும் பதினைந்து ஆண்டில் பத்தாண்டு வாழ்ந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்திருக்கும். 1948இல் வெளியே பிறந்தவர் விண்ணப்பிக்க, கடந்த இருபத்தைந்து ஆண்டில் பதினைந்து ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றானது. மந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, விலை ஏறியதும் மறுபடி கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு அந்த ஆண்டுக் கணக்கு எங்கே நிரம்பும்?